வெள்ளிக்கிழமைகளில் திரும்பிவரும் பெயர்

என் தம்பி ஆனந்தராசா இறந்த பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் அவனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் கேட்டதும் அம்மா கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசல் பக்கம் பார்ப்பாள். அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கழுத்து திரும்பிவிடும். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று எல்லோரும் எங்களுக்குச் சொன்னார்கள். வேண்டுமென்று செய்யாதவர்கள் ஏன் அதை நிறுத்தவும் இல்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் இலங்கைத்துறை ஆட்கள். அப்பா கந்தப்போடிக்குக் கடல்தொழில். கடல் வந்து ஊரை வாரிக்கொண்டு போன வருடம் ஒரு நிவாரண நிறுவனம் வந்தது. அவர்களின் ஆட்கள் பேப்பரும் பேனையும் கொண்டுவரவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு குட்டிக் கொம்பியூட்டரைக் கொண்டுவந்தார்கள். ஊரில் அதற்குக் கைமெசின் என்று பெயர் வைத்தோம். ஒரு சின்னக் குச்சியால் அதைத் தொட்டுத் தொட்டு எங்கள் குடும்பத்தை அதற்குள் ஏற்றினார்கள். கந்தப்போடி, சீதேவி, குணமணி, ஆனந்தராசா. குணமணி நான். தம்பி அந்தக் குச்சியைக் கெஞ்சி வாங்கித் தன் பெயரைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்தான். பிறகு எங்களுக்கு ஒரு இலக்கம் போட்ட அட்டை தந்தார்கள். அம்மா அதை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு செல்லடி தொடங்கியது. ஊரோடு எழும்பி வெருகல் பக்கம் ஓடினோம். முகத்துவாரத்தில் தோணிக்காகக் காத்திருந்தபோது விழுந்த செல்லில் தம்பி போய்விட்டான். அவனுக்குப் பதினாறு வயது. அப்பாவும் வேறு இருவரும் அவனைக் கரையிலேயே மணலில் புதைத்தார்கள். மரணத்தைப் பதிகிறவர் யாரும் அங்கே இல்லை. வைத்தியர் இல்லை. எங்கள் கிராம சேவகரும் எங்களைப்போல எங்கோ ஓடிக்கொண்டிருந்தார். ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் என் தம்பி இறந்தான்.

எங்கெங்கோ ஏற்றி இறக்கி, கடைசியில் திருகோணமலை நகரத்துக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு ஐஸ் தொழிற்சாலையில் எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஐஸ் கட்டி அடுக்குகிற கொட்டகையைத் தறப்பாள் சீலையால் மறித்து வீடு வீடாகப் பிரித்தார்கள். அங்கேயும் அதே நிறுவனம்தான் வந்தது. இந்த முறை வந்தவர் குலசிங்கம். நகரத்துப் பெடியன், நல்ல பிள்ளை. கையில் புது மெசின். அட்டையின் இலக்கத்தைத் தட்டினார். இலங்கைத்துறையில் ஏற்றிய பெயர்கள் நான்கும் அப்படியே வந்து நின்றன.

"நாலு பேரும் இருக்கிறியளோ ஐயா?"

"மூண்டு பேர்," என்றார் அப்பா. அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. மிச்சத்தை அம்மா சொன்னாள்.

குலசிங்கம் மெசினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு குச்சியால் தொட்டார். "அழிச்சிட்டன் அம்மா."

"அழிச்சிட்டன் எண்டு சொல்லாதேங்கோ மகன். வேற ஒரு சொல்லும் இல்லையோ?"

"மெசினில அந்த ஒரு சொல்லுத்தான் அம்மா இருக்கு."

அடுத்த கிழமை தம்பிக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு செய்தோம். நாள் தவறித்தான் செய்தோம். ஓடுகிற மனிசருக்கு நாள் ஏது? இரவல் பானையில் சோறு ஆக்கி, பூசணிக்காயும் பருப்பும் வைத்துப் படைத்தோம். குலசிங்கமும் வந்து தரையில் இருந்து எங்களோடு சாப்பிட்டார். இதை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஏனென்றால், அந்தச் சோற்றைச் சாப்பிட்ட குலசிங்கமே அடுத்த செவ்வாய்க்கிழமை நிவாரண மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கொழும்பிலிருந்து வந்த பட்டியலைப் பார்த்து வாசித்தார்:

"கந்தப்போடி. சீதேவி. குணமணி. ஆனந்தராசா."

வாசித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. முகம் கறுத்துவிட்டது. ஒலிபெருக்கி அவர் மூச்சு வாங்குவதையும் முகாம் முழுக்கக் கேட்கச் செய்தது.

அப்பா மேசைக்குப் போனார். "தம்பி, நீங்கள் அழிச்சனீங்கள்தானே?"

"அழிச்சனான் ஐயா. என்ர கையால அழிச்சனான். அண்டு பின்னேரமே கந்தோருக்குக் கொண்டுபோய் ஏத்தியும் விட்டனான். ஏன் திரும்ப வந்ததெண்டு தெரியேல்லை."

"அப்ப மூண்டு பேருக்குத் தாங்கோ."

"பட்டியலில நாலு எண்டு இருக்கு. நாலு பங்கும் போகாட்டி சாமான் மிஞ்சும். மிஞ்சினா நான் களவெடுக்கப் பாத்தனான் எண்டு வரும். இந்த ஒருக்கா எடுங்கோ ஐயா. நான் சரிப்பண்ணுறன்."

நாலு பேருக்கும் சரி அடையாளம் போட்டு நாலு பேருடைய அரிசியையும் அளந்து தந்தார்கள். அம்மா தம்பியின் பங்கை எங்கள் அரிசியோடு கலக்கவில்லை. தனிப்பையில் கட்டி, கொட்டகையின் இரும்பு வளையத்தில் தொங்கவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் இதுதான் நடந்தது. செவ்வாய்க்கிழமை பெயரைக் கூப்பிடுவார்கள். குலசிங்கம் அன்றே அழிப்பார். புதன், வியாழன் பார்த்தால் மூன்று பெயர்தான் இருக்கும். திங்கட்கிழமை பட்டியல் அச்சாகி வரும்போது நாலாவது பெயர் திரும்பவும் வந்து நிற்கும். பை பருத்துக்கொண்டே போனது.

பக்கத்துத் தறப்பாளில் இருந்த புஷ்பவதி அக்கா, "உங்களுக்கென்ன, நாலு பங்கு," என்று ஒருநாள் சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள். அம்மா அவளோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள்.

முகாமின் பட்டியலில் ஒரு பிரதியை நிறுவனம் வாசல் காவலுக்கும் கொடுக்கவேண்டும். அப்படி ஒரு ஒழுங்கு. ஒரு புதன்கிழமை விடியற்காலை சீருடைக்காரர்கள் அந்தப் பிரதியோடு உள்ளே வந்தார்கள். எல்லோரையும் வெளியே நிறுத்திப் பெயர் வாசித்துத் தலை எண்ணினார்கள். எங்கள் வரிசையில் வந்ததும் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டார்.

"ஆனந்தராசா எங்க?"

"செத்துப் போச்சு ஐயா," என்றார் அப்பா.

"எப்ப?"

அப்பா மாதத்தைச் சொன்னார்.

"பேப்பர் இருக்கா?"

"இல்லை ஐயா. அங்க ஒருத்தரும் பதியேல்லை."

அவர் பட்டியலைத் திருப்பி அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். "அப்ப செத்த ஆள் நேத்து வந்து அரிசி வாங்கினதா? பதினாறு வயசு. பேர் இருக்கு, அரிசி எடுத்திருக்கு, ஆள் இல்லை. எங்க அனுப்பி இருக்கு?"

அதற்கு அப்பா என்ன சொல்வார்? அரிசி எடுத்தது உண்மை. அது எங்கள் கொட்டகைக்குள் தொங்கிக்கொண்டிருந்ததும் உண்மை. அவர்கள் அதையும் பார்த்தார்கள். இயக்கத்துக்குப் போன மகன் காட்டிலிருந்து வந்தால் கொடுக்கத்தான் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அம்மா, "ஐயா, அது தின்ன மனம் வராமல் வைச்சது," என்றாள். அந்தப் பேச்சை மொழிபெயர்க்கவும் ஆள் இருந்தது. ஆனால் மொழிபெயர்த்துச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அம்மாவும் நானும் நகரத்தில் இருக்கும் நிறுவனத்தின் கந்தோருக்குப் போனோம். நான் ஆட்களுக்கு முன்னால் கதைக்கிறவள் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாலே எனக்குக் குரல் அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் இனி யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லமாட்டார்கள் என்பதுதான். ஆனால் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கந்தோர் என்றால் கடிதம் இருக்கும். அதனால் நானும் போனேன்.

பொறுப்பாளர் கனகசுந்தரம் ஐயா உள்ளே இருந்தார். கதவு கண்ணாடி. நெற்றியில் சந்தனம். எங்களைப் பார்த்துவிட்டு மேசையில் இருந்த ஒரு பழைய கைமெசினை எடுத்துக் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு பியோனை விட்டுச் சொல்லி அனுப்பினார்: இப்போது இராகு காலம், முடிந்த பிறகு கூப்பிடுவார்.

இவர்களின் பட்டியலால் கணவனைப் பறிகொடுத்துவிட்டு ஞாயம் கேட்க வந்த ஒரு பெண்ணை நல்ல நேரம் பார்த்துத்தான் உள்ளே எடுப்பார்களாம்!

வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தபோது கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த பெண் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். பெயர் மைமூனா. மூதூர்க்காரி. அவளும் ஊர் விட்டு ஓடிக் கந்தளாயில் பாடசாலைத் தரையில் கிடந்துவிட்டு வந்தவள். அம்மா நடந்ததைச் சொன்னாள். மைமூனா அக்கா கேட்டுக்கொண்டே எங்கள் அட்டையின் இலக்கத்தைத் தட்டினாள். திரையைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அல்லாவே. வாப்பாவைக் கொண்டுபோற அளவுக்கு வந்திட்டா?"

"என்ன அக்கா நடக்குது?" என்றேன். அவளிடம் கேட்க எனக்குக் குரல் வந்தது.

அவள் கனகசுந்தரத்தின் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "இங்க பாரு தங்கச்சி. சேர்வர் எண்டு ஒரு பெரிய மெசின் கொழும்புல இரிக்கி. எல்லாருட பேரும் அதுலதான். குலசிங்கம் பின்னேரம் வந்து தன்ட கைமெசினை இந்தா இந்தத் தட்டுல வைப்பார். வைச்ச உடனே அதுல உள்ளதும் சேர்வர்ல உள்ளதும் ஒண்டை ஒண்டு பாத்துச் சரிபண்ணிக்கும். சிங்க் எண்டுற. இவர் தம்பிட பேரை அழிச்சா சேர்வர்லயும் அழியும். சரியா?"

"ஓம்."

"இலங்கைத்துறையில உங்களை எழுதின பழைய மெசின் ஒண்டு இரிக்கே, அதுல தம்பிட பேர் இன்னும் அப்படியே கிடக்கு. அதை யாராச்சும் தட்டுல வைச்சா என்ன நடக்கும்? சேர்வருக்குச் செத்தவங்க எண்டா என்னண்டு தெரியா. தன்னட்ட இல்லாத பேர் ஒண்டு வருதே, புதுசா ஒரு ஆள் வந்திருக்கார் போல எண்டு நினைச்சுச் சேத்துக்கொள்ளும்."

"பழைய மெசினை ஏன் தட்டில வைக்கினம்?"

மைமூனா அக்கா கண்ணாடிக் கதவைக் கண்ணால் காட்டினாள். "அந்தத் தட்டுலதான் சார்ஜும் ஏறும். ஐயா வெள்ளிக்கிழமை வீட்ட போகக்குள்ள தன்ட மெசினைச் சார்ஜுக்குக் குத்திட்டுப் போவார். புது மெசின் வந்ததும் பழசை எல்லாம் துடைச்சுத் திருப்பி அனுப்பச் சொன்னது கொழும்பு. எல்லாம் போச்சு. அது ஒண்டு மட்டும் போகல."

"ஏன்?"

"அதுல பஞ்சாங்கம் இரிக்கி. வெளிநாட்டுல உள்ள மருமகன் ஏத்திக் குடுத்தவராம். துடைச்சா பஞ்சாங்கமும் போயிரும். நான் எத்தனை தரம் சொல்லிட்டன். ஐயா, இதால செத்தவங்க எல்லாம் எழும்பி வாறாங்க எண்டு சொன்னன். சிரிக்கிறார்."

எனக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியபோது தேத்தண்ணிக் கோப்பையை வாங்கில் வைத்துவிட்டேன். ஒரு மனிதர் இராகு காலம் பார்ப்பதற்காக என் தம்பி வெள்ளிக்கிழமை தோறும் உயிரோடு எழும்பினான். அதற்காக அப்பா எங்கேயோ ஒரு அறையில் நிறுத்தப்பட்டிருந்தார். தம்பியைச் செல் கொன்றது. செல்லுக்கு முகம் இல்லை. இதற்கு முகம் இருந்தது. நெற்றியில் சந்தனமும் இருந்தது.

இராகு காலம் முடிந்ததும் கூப்பிட்டார்கள். கதிரையில் இருக்கச் சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"எனக்கும் கவலைதான் அம்மா. ஆனா சேர்வர் கொழும்பில இருக்கு. அதில நாங்கள் கை வைக்க ஏலாது. சிஸ்டம் அது."

"உங்கட மெசின்தானாம் ஐயா பேரைக் கொண்டுவருது," என்றாள் அம்மா.

அவர் கண்ணாடிக்கு வெளியே மைமூனா அக்காவைப் பார்த்தார். "ஆர் சொன்னது? உதுகள் தொழில்நுட்ப விசயம். உங்களுக்கு விளங்காது." பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை படிக்குதோ?" என்றார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"படிக்க வேணும். படிச்சிருந்தா இப்பிடி அலையத் தேவையில்லை."

மேசையில் அவர் கைக்கு அருகில் அந்த மெசின் கிடந்தது. விளிம்பு தேய்ந்திருந்தது. என் தம்பி தொட்டுப் பார்த்த குச்சி அதன் பக்கத்தில் செருகியிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கடிதம் ஒன்று கேட்டாள், பட்டியல் பிழை என்று. தலைமைக் காரியாலயத்தின் அனுமதி வேண்டும் என்றார். நாளைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறார், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கதவைத் தாண்டும்போது நான் திரும்பிப் பார்த்தேன். மெசினைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் எனக்குள்ளே பேசிக்கொண்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் பேருந்தில்தான் ஒன்றொன்றாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வளையத்தில் தொங்கிய பையை இறக்கினேன்.

"அதை என்ன செய்யப் போறாய்?" என்றாள் அம்மா.

"அவன்ர பங்குதானே அம்மா. அவனுக்குத்தான் செலவழிக்கப் போறன்."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு பையின் ஒரு காதை அவளும் பிடித்துக்கொண்டாள்.

கந்தோருக்குப் போகிற தெருவில் ஸைனுலாப்தீன் நானாவின் கடை. அரிசி, மா, கொப்பி, கற்பூரம், சாம்பிராணி எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். பஞ்சாங்கமும் ஒரு நூலில் கோத்துத் தொங்கும். பையை மேசையில் வைத்தேன்.

"நானா, இந்த அரிசியை எடுத்துக்கொண்டு ஒரு பஞ்சாங்கம் தாங்கோ."

அவர் பையை அவிழ்த்துப் பார்த்தார். "என்ன பிள்ள, இது நிவாரண அரிசி. இவ்வளத்துக்கும் ஒரு பஞ்சாங்கமா? என்ட கடையில உள்ள அவ்வளவு பஞ்சாங்கத்தையும் எடுத்தாலும் மிச்சம் வருமே."

"ஒண்டு போதும்."

"கலியாணமா?"

"இல்லை நானா. கந்தோர் அலுவல்."

"இந்தப் புத்தகத்தை நானும் வருசம் வருசமா விக்கிறன். எனக்கு இதுல ஒண்டும் விளங்கா. இத வாங்குறவங்களும் நல்லா இருந்ததா நான் காணல," என்றபடி ஒன்றை உருவித் தந்தார். அரிசி முழுவதையும் எடுக்க அவருக்கு மனமில்லை. பாதியைத் திருப்பிக் கட்டப் பார்த்தார். அம்மா, "வேண்டாம் நானா, அது எங்களுக்கில்லை," என்றாள். அவர் பையை மேசைக்குப் பின்னால் எடுத்து வைத்தார்.

கந்தோரில் கண்ணாடி அறைக்குள் கொழும்பிலிருந்து வந்த கொம்பியூட்டர்ப் பகுதிக்காரர் இருந்தார். சிங்கள இளைஞர், எங்கள் குலசிங்கத்தின் வயதுதான் இருக்கும். கனகசுந்தரம் அவரோடு ஆங்கிலத்தில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பியோனுக்குக் கையைக் காட்டினார். பியோன் வந்து, "இராகு காலமாம், பன்னிரண்டுக்குப் பிறகு…" என்று தொடங்கினான்.

நான் அவனைத் தாண்டிக் கதவைத் தள்ளினேன். எப்படித் தள்ளினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. புத்தகத்தைக் கனகசுந்தரத்தின் மேசையில், அந்த மெசினுக்கு மேல் வைத்தேன்.

"இந்தாங்கோ ஐயா. இது என்ர தம்பி உங்களுக்கு வாங்கித் தந்த பஞ்சாங்கம்."

"என்ன இது? பிள்ளை, வெளியில நில்லுங்கோ."

"அவனுக்கு நீங்கள் கிழமைக்குக் கிழமை தந்த அரிசியைக் குடுத்துத்தான் வாங்கினது. அவன் செத்தவன் ஐயா. முகத்துவாரத்தில செத்தவன். உங்களுக்கு ஒரு பஞ்சாங்கம் வேணும் எண்டதுக்காக அவனை நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுப்பி எழுப்பி விட்டியள். இனி இது இருக்கு. கடையில புத்தகமாவே விக்கினம். அவனை விடுங்கோ. என்ர அப்பாவையும் விடச் சொல்லுங்கோ."

இவ்வளவும் நான்தான் பேசினேன். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. ஆனால் பேசி முடித்த பிறகுதான் உடைந்தது.

கொழும்புக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அழுகிற ஒரு பெண்ணும், பஞ்சாங்கமும், அதற்கடியில் திருப்பி அனுப்பப்படாத தங்கள் மெசினும் அவருக்குத் தெரிந்தன. மைமூனா அக்காவைக் கூப்பிட்டார். அவள் வாசலில்தான் நின்றாள். சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சாங்கம் என்ற இடத்தில் அவர் சிரித்துவிட்டார். அப்பாவைக் கொண்டுபோன இடத்தில் சிரிப்பு நின்றது. எழுந்து மெசினை எடுத்து, பின்பக்கத்தில் ஒரு துளையில் கம்பியைச் செருகி அழுத்தினார். திரை ஒருமுறை வெளிறிக் கறுத்தது. பஞ்சாங்கம் போனது. என் தம்பியின் பெயரும் போனது.

கனகசுந்தரம் ஐயா அப்போது என்ன செய்தார் என்பதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என்னை ஏசவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்தார். தாளைத் தட்டி அன்றைய திகதியைக் கண்டுபிடித்தார். விரலால் வரியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இன்னும் முடியேல்லை," என்றார். "கடிதத்தில பன்னிரண்டுக்குப் பிறகு கையெழுத்து வைக்கிறன்."

பன்னிரண்டுக்குப் பிறகு கடிதம் வந்தது. அம்மா கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் புள்ளி போட்டிருந்தது. நான் வாசித்தேன். 'மேற்படி குடும்பத்தினர் வழங்கிய பிழையான தகவல்களின் காரணமாக, காலஞ்சென்ற ஒருவரின் பெயர் பட்டியலில் தவறுதலாக இடம்பெற்றுள்ளது.'

"ஐயா, நாங்கள் பிழையாச் சொல்லேல்லை," என்றேன்.

"அது ஒரு எழுத்து முறை பிள்ளை. நிறுவனம் பிழை விட்டதெண்டு எழுதினா ஆயிரம் கேள்வி வரும், கொழும்பு, அரசாங்கக் கச்சேரி எண்டு இழுபடும். இப்பிடி எழுதினா அப்பா கெதியா வருவார். எது வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

"என்ன எழுதிக்கிடக்கு?" என்று அம்மா கேட்டாள். வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லையும் விடவில்லை. அம்மா கேட்டுவிட்டுப் பேனைக்குக் கையை நீட்டினாள். அவளுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். அதை மெல்ல மெல்ல எழுதினாள்.

"மனிசன் வரட்டும்," என்றாள்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தார். இடது காதில் கேட்பதில்லை என்றார். வேறு எதையும் நாங்கள் கேட்கவில்லை. சோறு வைத்தபோது அவராகவே சொன்னார்.

"ஒரே கேள்விதான். அவன் எங்க, அவன் எங்க. நான் இடத்தைச் சொன்னனான். எந்தப் பற்றை, எந்தப் பக்கம், எல்லாம் சொன்னனான். அங்க மேசையில பேனை கிடந்தது. ஒருத்தனும் எழுதேல்லை."

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். பழைய மெசினை வைத்திருந்ததற்கு விளக்கம் கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அது கனகசுந்தரத்துக்கு வரவில்லை. கருவிகளைச் சரியாகக் கணக்கு வைக்கவில்லை என்று மைமூனா அக்காவுக்கு வந்தது. பஞ்சாங்கம் கனகசுந்தரத்தின் மேசையில்தான் இருக்கிறதாம், அக்கா சொன்னாள். அது யார் வாங்கித் தந்தது என்று யாரும் கேட்டால், ஒரு பயனாளி அன்பளிப்பாகத் தந்தது என்கிறாராம்.

செவ்வாய்க்கிழமை குலசிங்கம் மூன்று பெயரை வாசித்துவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போனார். அம்மாவின் கழுத்து அப்போதும் வாசல் பக்கம் திரும்பியது. பங்கீடு முடிந்த பிறகு அவர் எங்களிடம் வந்தார். மெசினில் மாற்றம் செய்து அனுப்பியிருக்கிறார்களாம். இனி இறந்தவர்களை அழிக்கத் தேவையில்லை. பெயரை வைத்துக்கொண்டே காலமானவர் என்று அடையாளம் போடலாம். அப்படிப் போட்டால் எந்த மெசினாலும் திரும்ப எழுப்ப முடியாதாம்.

"அப்ப அதை முதலே செய்திருக்கலாமே," என்றேன். இப்போதெல்லாம் எனக்குக் கதைக்க வருகிறது.

குலசிங்கம் மெசினைத் தட்டினார். "திகதி கேக்குது அம்மா," என்றார். அம்மா சொன்னாள். குச்சியால் தொட்டுத் தொட்டு ஏற்றினார்.

"இடம்?" என்றார் அப்பா. கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். "எந்த இடம் எண்டு போடேல்லையோ தம்பி?"

குலசிங்கம் மெசினை மேலும் கீழும் தேடினார். "அதைக் கேக்கிற பெட்டி ஒண்டும் இதில இல்லை ஐயா."

அதனால் நான் எழுதுகிறேன். வெருகல் முகத்துவாரத்துக்கு வடக்குக் கரையில், கடைசித் தாழம்பற்றைக்கும் அடி உடைந்து கிடக்கும் நீல வள்ளத்துக்கும் நடுவில். தலை வடக்கே, இலங்கைத்துறைப் பக்கம். தலைமாட்டில் அப்பாவின் துடுப்பு நட்டிருக்கிறது. ஆனந்தராசா, கந்தப்போடி சீதேவியின் மகன். அவன் வேறு எங்கும் இல்லை.